வார் அறுந்த செருப்பும் என் வயிற்றெரிச்சலும்

அன்பு மகன் மெஹ்திக்கு, திருத்தணியிலிருந்து அப்பாவின் சலாம். இங்கே நானும் உன் அம்மியும் சுகம், என் சர்க்கரை எங்கள் இருவரையும்விடச் சுகம், மாதம் ஒரு படி ஏறிக்கொண்டே போகிறது. மஸ்கட் வெயிலில் தலைக்குத் துணி கட்டுகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மி கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். வாட்ஸப்பில் ஆறு தடவை பேசிப் பதிவு செய்தேன், ஆறையும் அழித்தேன், திருப்பிக் கேட்டால் அந்த ஆள்மேல் எனக்கே மரியாதை வரவில்லை. மைக் செட் வாடகைக்கு விடுகிறவனுக்குக் குரலை மறைக்கக் காகிதம்தான் கிடைத்தது. எதிர்வீட்டு புஷ்பலதா டீச்சர் மகன் வியாழக்கிழமை உன் ஊருக்குக் கிளம்புகிறான், அவன் பையில் இது வருகிறது, பிரித்துப் படிக்காதே என்று சொல்லியிருக்கிறேன், ஆகவே படித்திருப்பான். டீச்சர் வீட்டில் மாடி எழும்பிவிட்டது, நம் முருங்கைக்கு வெயில் போச்சு, அதைப் பற்றி அம்மி தனியாக உன்னிடம் புலம்புவாள்.

விஷயத்துக்கு வருகிறேன். முஹர்ரம் ஏழாம் நாள், ஹஸ்ரத் காசிமின் நாள். பதின்மூன்று வயதில் கர்பலாக் களத்துக்குப் போய்த் திரும்பாத அந்தப் பிள்ளைக்காக, மதியத் தொழுகை முடிந்து நம் கூடத்தில் துக்க மஜ்லிஸ். இந்த ஊரில் நம் ஷியா வீடு ஆறுதான், அதனால் நகரி, புத்தூர் பக்கத்துப் பையன்களும் ரயிலேறி வந்திருந்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்த நாளுக்குத் துக்கப் பாட்டு, நோஹா, எழுதுவது நான். உருதுவில் எழுதி, பையன்களுக்கு உருது படிக்க வராததால் தமிழ் எழுத்தில் பெயர்த்து, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பேன். பொருள் முக்கால்வாசி புரியாமலே அவர்கள் மார்பில் அடித்துக்கொண்டு பாடுவார்கள், அந்த அடியில் பாதி என் கவிதைக்கு விழுகிறது என்று நான் கணக்குப் போட்டுக்கொள்வேன். வியாபாரத்துக்கும் சண்டைக்கும் தமிழ், அழுகைக்கு உருது, இதுதான் என் சட்டம், உனக்கே தெரியும்.

இந்த வருஷமும் என் நோஹா முடிந்தது. உடனே புத்தூர் ஜவ்வாத் எழுந்து, மாமு, இன்னொண்ணு கீது, தமிழ்ல, பாடட்டுமா என்றான். ஆரு எழுதுனது என்றேன். அப்புறம் சொல்றேன் மாமு என்று சொல்லிவிட்டு ஆரம்பித்துவிட்டான். வாள் சுழலும் களத்தில் செருப்பின் வார் அறுந்ததும், காசிம் பயப்படாமல் நின்று குனிந்து கட்டினார் என்று வருஷா வருஷம் கேட்கிறோமே, அந்த இடம்.

வார் அறுந்த செருப்புக்கு மட்டும் குனிந்தவரே, காசிமே
யார் யாருக்கோ குனிகின்ற எங்களைப் பாரும், காசிமே

இரண்டாவது தடவை அந்த வரி வந்தபோது கூடத்தில் ஒருவன் விக்கினான். ஆம்ப்ளிஃபையர் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. என் கை தானாகப் போகவில்லை மெஹ்தி, நான்தான் அனுப்பினேன். ஒலியைப் பாதியாகக் குறைத்தேன். ஜவ்வாத் திரும்பிப் பார்த்தான், ஒயர் பழசு என்றேன். இன்னும் கொஞ்சம் குறைத்தேன். அவன் மைக்கைப் பதமாகக் கீழே வைத்துவிட்டு வெறும் குரலில் தொடர்ந்தான், முப்பது பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். மார்பில் விழுந்த அடியில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. என் செட் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சத்தம் கொடுத்ததில்லை. எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன், ஆனால் எதற்கு அழுகிறேன் என்று மேலே இருக்கிறவனுக்குத் தெரியும்.

அத்தோடு விட்டேனா. ஷர்பத் கொடுக்கும்போது சபை நடுவில் உட்கார்ந்து விமர்சனம் செய்தேன். மூன்றாவது கண்ணி தாளத்தில் நிற்கவில்லை, காசிமைப் பாட நிலா வேண்டாமா, ரோஜா வேண்டாமா, செருப்பையா பாடுவது, பெற்றவன் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருந்தால் இப்படி எழுதுவானா என்று. பையன்கள் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்துக்கொண்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து உன் அம்மி இருமினாள், பிறகு நிதானமாகச் சொன்னாள், அந்தப் பெத்தவரு இங்கதான் கீறாரு, சர்க்கரைய வெச்சிகினு மூணாவது கிளாஸ் ஷர்பத் குடிச்சிகினு கீறாரு, அவரையே கேளுங்க என்று.

அப்போதுதான் தெரிந்தது, எழுதியது நீ. ஜவ்வாத்துக்கு அனுப்பினாய், அம்மிக்குப் படித்துக் காட்டினாய், எனக்கு மட்டும் இல்லை. ஏன் என்று கேட்க மாட்டேன், ஆம்ப்ளிஃபையர் பதில் சொல்லிவிட்டது. பிள்ளை நன்றாக எழுதினால் அப்பனுக்குப் பெருமை வர வேண்டும். எனக்கு முதலில் வந்தது பொறாமை, இரண்டாவதாக வந்ததும் அதுதான், பெருமை மூன்று நாள் கழித்து வந்து வாசலில் நின்றது, நான் உள்ளே கூப்பிடவில்லை. நானும் தமிழில் எழுதிப் பார்த்தேன், சொன்னால் சிரிக்காதே, அழுகை வர வேண்டிய இடத்திலெல்லாம் கல்யாணப் பத்திரிகை வாசகம் வந்து நிற்கிறது.

வீராசாமி வேறு. என்னோடு முப்பது வருஷமாக ஸ்பீக்கர் தூக்குகிறவன், அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்கிறான், பாய், வருசா வருசம் வாசப்படில குந்திகினு ஒன் பாட்டுக்குத் தலையாட்டிகினு இருந்தேன், இன்னாத்துக்கு அழுவுறீங்கன்னு இன்னைக்குத்தான் பாய் தெரிஞ்சுது என்று. அதோடு முடியவில்லை. பத்தாம் நாள் பையன்கள் பதினேழு பேர் சேர்ந்து போய் ரத்தம் கொடுத்தார்கள், காசிம் பெயரைச் சொல்லி. ஜவ்வாத்துக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள், அவன் அப்பா பெண் வீட்டில் பைக் கேட்டிருந்தார், இவன் போய், யார் யாருக்கோ குனியறதுல மொதல்ல இதான் நைனா, பைக் வாணாம் என்று சொல்லிவிட்டானாம், அந்த மனிதர் என்னை எங்கே பார்த்தாலும் முறைக்கிறார். என் இருபத்திரண்டு வருஷ நோஹாவுக்கு ஒரு பைக் இல்லை, ஒரு சைக்கிள் டியூப்கூடத் திரும்பிப் போனதில்லை.

இதில் எது அதிகமாக எரிகிறது தெரியுமா. அந்தச் செருப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கனகம்மாசத்திரம் கல்யாணத்தில் ஹாரன் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தாய், உனக்குப் பதின்மூன்று வயது, வார் அறுந்தது. எல்லோரும் காத்திருக்க, ஸ்பீக்கரை இறக்கி வைத்துவிட்டுக் கட்டுக்கம்பியால் நிதானமாகக் கட்டினாய். பெண் வீட்டார் முன்னால் நான் உன்னைப் பார்த்துக் கத்தினேன். நீ நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி ஸ்பீக்கரைத் தூக்கினாய். அன்று நானும் அங்கேதான் இருந்தேன், கண்ணும் நன்றாகத்தான் தெரிந்தது, ஆனால் நீ அங்கே ஹஸ்ரத் காசிமைப் பார்த்திருக்கிறாய், நான் கல்யாணத்துக்கு நேரமாவதை மட்டும் பார்த்திருக்கிறேன். அன்று கத்தியதற்கு இன்று வருத்தப்படுகிறேன், அதை இந்தக் காகிதத்தில்தான் சொல்ல முடிகிறது.

வருகிற வாரத்துக்கு அடுத்த வாரம் சேஹ்லும், நாற்பதாம் நாள். மறுநாளே ஆடிக் கிருத்திகை, மலையில் செட் கட்ட வேண்டும், வேலைக்குக் குறைவில்லை. உன் நோஹாதான் வேண்டும் என்று பையன்கள் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார்கள், ஜவ்வாத்துக்கோ தொண்டை கட்டிக் கிடக்கிறது. காசிம் களத்துக்குப் போகச் சிற்றப்பா இமாம் ஹுசைன் அனுமதி தரவில்லை, தந்தை எழுதிக் கையில் கட்டிவிட்டுப் போயிருந்த கடிதத்தைக் காட்டித்தான் அனுமதி பெற்றார் என்று நீ சின்னப் பிள்ளையாக என் மடியில் கேட்டிருக்கிறாய். அது மகனுக்காக அப்பன் எழுதிய கடிதம். இதுவும் அப்பன் எழுதுவதுதான், ஆனால் அனுமதி கேட்பது அப்பன். சேஹ்லும் அன்று உன் நோஹாவை நான் எடுத்துப் பாடலாமா. மூன்றாவது கண்ணியில் ஒரு அசை கூடத்தான் செய்கிறது, நான் தொடவில்லை, பத்து தடவை பாடிப் பார்த்ததில் அந்த இடத்தில்தான் மூச்சு உடைகிறது, அது உனக்குத் தெரிந்தே வைத்தாயா என்று மட்டும் சொல். ஆம்ப்ளிஃபையரை வீராசாமியிடம் ஒப்படைத்துவிட்டேன், அதன் பக்கத்தில் என்னை உட்கார விட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

கர்பலாவின் பிள்ளைகள் பொருட்டு அல்லாஹ் உன்னை எந்த ஊரிலும் எவர் முன்னும் நிமிர்ந்து நிற்க வைக்கட்டும். தலைக்குத் துணி கட்டாமல் வெயிலில் இறங்காதே. பதிலைப் போனில் சொல், அம்மியிடம் சொல்லாதே, இந்த முறை முதலில் என்னிடம் சொல்.

இப்படிக்கு,
உன் நோஹாவுக்கு ஒலியைக் குறைத்த
உன் அப்பா,
அப்பாஸ் மிர்சா