முட்டை சிக்கிய தம்பி

கோபக்கார மகளுக்கு,

அந்தப் பையனைக் கட்டிக்கொண்டு போனபோது நீ விட்டுப்போன உன் ‘தம்பி’, பெண் கிளியாம்! முட்டை உள்ளே சிக்கியிருக்கிறதாம். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையிலேயே கிடக்கிறது. டாக்டர் சாயங்காலம்தான் பார்ப்பார். “வயித்தை அமுக்கிடாதீங்க, கதகதப்பா வைங்க” என்று போனில் அதட்டினார்.

குளியலறையில் வெந்நீர் வாளிக்குப் பக்கத்தில் கூண்டை வைத்துவிட்டு, வாசலில் முக்காலி போட்டுக் காவல் இருக்கிறேன். கை நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

“கிளிக்கே இந்தப் பாடுன்னா, அங்க நம்ம பொண்ணு...” என்று ஆரம்பித்தாள் உன் அம்மா. “சும்மா இரு” என்றேன். உனக்கு இது ஒன்பதாம் மாதம் என்பதே அவள் சொல்லித்தான் தெரியும்.

வலி எடுத்தால் பொறுத்துக்கொண்டு கிடக்காதே. உடனே மாப்பிள்ளையிடம் சொல்.

ஆமாம், மாப்பிள்ளை என்றுதான் எழுதியிருக்கிறேன். அது கை நடுங்கி விழுந்த எழுத்தல்ல.

உன் அப்பா