குனிந்து பார்த்தால் பச்சை

அன்புள்ள பெரியகுட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை வாண்டு எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று போனில் சொல்கிறாய், ஆனால் அந்தச் சுகம் எந்தக் குரலில் வருகிறது என்று எனக்குத் தெரியாதா, பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்று உன்னோடு சேர்ந்தே வளர்ந்தவள் நான். "ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா போன் பண்ணுவ, ஆபீஸ்ல எல்லாரும் சிரிக்கிறாங்க" என்று நீ கத்தினாயே, அன்றைக்கே எழுத உட்கார்ந்திருக்க வேண்டும். ரோஷத்தில் பேனாவை எடுத்தேன், அதற்குள் இங்கே ஒரு ரகளை ஆரம்பித்துவிட்டது, இவ்வளவு தாமதமாகிவிட்டது. கடிதம் என்றால் ஒரு வசதி, உன் ஆபீஸில் மணி அடிக்காது, நீயும் நடுவில் "சரிம்மா வைக்கிறேன்" என்று வெட்டிவிட முடியாது. முழுதும் படித்துத்தான் ஆகவேண்டும்.

அன்றைக்குக் கத்தி முடித்துவிட்டுக் கடைசியில் நீ சொன்னது வேறு என் நெஞ்சிலேயே நிற்கிறது. உன் வரைபட ஆபீஸ் பெரியவர் உன் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நீ வரைந்த தாளைக் கையில்கூட எடுக்காமல், "வந்து இத்தனை நாளாச்சு, உங்கிட்ட ஒண்ணும் தெரியலையேம்மா" என்று சொன்னாராம். உடனே நீ "நான் திரும்பி வந்துடவா" என்று கேட்டாய். வீடு உன்னுடையது, கதவு எப்போதும் திறந்துதான் இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்கிறேன், அதற்கு முன் இங்கே நடந்த கூத்தைக் கேள்.

நம் கட்டடத்துக்கு முன்னால் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள் கொட்டகை ஞாபகம் இருக்கிறதா, அதை இடித்துவிட்டார்கள். வெறும் மண் தரை வெளியே வந்தது. அதைப் பார்த்ததும் வாண்டுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பாவம், மூன்றாவது மாடியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வளர்கிற குழந்தை, கீழே இறங்கினால் வண்டி, வாசலைத் தாண்டினால் லாரி, நான் ஒரு கையால் அவள் சட்டையையும் இன்னொரு கையால் என் உயிரையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. அவள் விழுந்தால் அடிபடாமல் விழ ஒரு இடம் வேண்டாமா? நம் கட்டடச் சங்கச் செயலாளரைத்தான் உனக்குத் தெரியுமே, பிள்ளைகள் கீழே கால் வைத்தாலே விசில் ஊதுவாரே, நீங்களெல்லாம் 'விசில்' என்று பெயர் வைத்தீர்களே, அவர் கூட்டத்தைக் கூட்டி, அந்த இடம் முழுக்கக் கல் பதித்துக் கார் நிறுத்தலாம் என்றார். யாருடைய கார் என்று நீ கேட்கவே வேண்டாம், அவர் மாப்பிள்ளை புதிதாக வாங்கியது. எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, கல் வேண்டாம், புல் போடலாம் என்றேன். எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. விசில் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "காலேஜ்ல கணக்கு படிச்ச புல்லுக்காரம்மா, இங்க எதை விதைச்சாலும் தூசிதான் முளைக்கும். சரி, ஆசைப்பட்டுட்டீங்க, அடுத்த கூட்டத்துக்குள்ள எங்கண்ணுக்குப் பச்சை தெரிஞ்சா கல்லு வேணாம். தெரியலேன்னா மறுநாள் லாரி வந்து நிக்கும்" என்றார். சபாஷ், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். வீட்டுக்கு வந்த பிறகு அப்பா, "உனக்கு இது தேவையா?" என்று கேட்டார். தேவைதான் என்றேன். மறுபேச்சுப் பேசாமல் மண்ணைக் கொத்திக் கொடுத்தார், அதற்காக அவருடைய மற்ற குற்றங்களை மன்னித்துவிட்டேன்.

புல் விதை என்பது தூசி மாதிரி இருக்கிறது பெரியகுட்டி, ஆழமாகப் புதைக்கக் கூடாது, மண்ணின் தோல்மேல் தூவி லேசாகத் தட்டிவிட்டு விடவேண்டும். அங்கேதான் வம்பு. மேல்மண் காயவே கூடாது, காய்ந்தால் முளை விடும்போதே செத்துவிடும். அதே சமயம் தண்ணீர் தேங்கவும் கூடாது, தேங்கினால் அழுகிவிடும். அதனால் ஒரே தடவையில் வாளி வாளியாக ஊற்றி முடித்துவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுக்க முடியாது, தூறல் போடுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி தெளிக்க வேண்டும். நமக்குத் தெரிந்த வேலைதானே, கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தது இப்படித்தான். நான் இறங்கித் தெளிக்க ஆரம்பித்த இரண்டாம் நாளே விசில் பொதுக்குழாய்க்குப் பூட்டு போட்டுவிட்டார், குடிக்கிற தண்ணீரை வைத்துக் கூத்தடிக்கக் கூடாதாம். போடட்டும். மூன்றாவது மாடியிலிருந்து வாளியில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பாட்டில் மூடியில் ஊசியைச் சுடவைத்துத் துளை போட்டு, அதைக் கொண்டு தெளித்தேன். அவர் பால்கனியில் நின்று பார்ப்பார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டேன், ஆனால் வேண்டுமென்றே மெதுவாகத் தெளிப்பேன்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நல்ல வெயில் நேரத்தில்கூட மண் ஈரமாகவே இருந்தது, நான் என் கைராசியை நானே மெச்சிக்கொண்டேன். அப்புறம் பார்த்தால் ஈரம் சேறாயிற்று, சேறு குட்டையாயிற்று, என் விதையெல்லாம் மிதந்துபோய்ச் சுவரோரம் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு நாற ஆரம்பித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு மத்தியானம் வாண்டைத் தூங்கவைத்துவிட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். கீழ்வீட்டுத் தையல் அக்கா ஒரு வாளியோடு பூனை மாதிரி வருகிறார், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கிறார், சளார் என்று கவிழ்த்துவிட்டு உள்ளே ஓடுகிறார். கொஞ்ச நேரத்தில் நாலாவது மாடி பல் டாக்டர், வெள்ளைக் கோட்டோடு, கையில் ஜாடி. அப்பாவை விசாரித்தால் அவரும் காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு வாளி ஊற்றிவிட்டுத்தான் போகிறாராம், என் பாரத்தைக் குறைக்கிறாராம்! மன்னித்ததை வாபஸ் வாங்கிக்கொண்டேன். இது எல்லாவற்றுக்கும் மேலே, முதல் மாடி பால்கனியிலிருந்து ஒரு கை நீண்டு ஒரு குவளைத் தண்ணீரைக் கீழே கவிழ்த்தது. விசிலின் வீட்டம்மா கை! எல்லோருக்கும் விசிலிடம் பயம், எல்லோருக்கும் என்மேல் பரிதாபம், ஒருவருக்கு மற்றவர் ஊற்றுவது தெரியாது. பாசத்தைக் கொட்டியே என் விதையைக் கொன்றுவிட்டார்கள்.

அழுகை வந்தது, ஒளிப்பானேன். விசில் குட்டைப் பக்கத்தில் நின்றுகொண்டு, "புல்லுக்காரம்மா, பேசாம நாத்து நட்டுடுங்க, அரிசியாவது மிஞ்சும்" என்றார். அப்பாவும் விட்டுவிடு என்றார். உன் அத்தை போனில் கூப்பிட்டு, குடும்பப் பெண்ணுக்கு எதற்குச் சபையில் வாய் என்றாள். அந்த வார்த்தைதான் என்னை எழுப்பிவிட்டது, அவளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். கடைக்குப் போய் மறுபடி விதை வாங்கிக்கொண்டு வந்தேன். மாடிப்படியில் நடுவில் நின்றுகொண்டு, நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி, "இனிமே யாரும் ஒளிஞ்சு ஊத்தக் கூடாது. ஊத்தணும்னு ஆசை இருந்தா பட்டப்பகல்ல, அவர் கண்ணு முன்னாடி, நான் சொல்ற அளவுக்கு ஊத்துங்க. பயமா இருந்தா வீட்டுக்குள்ளேயே இருங்க" என்றேன். ஒரு கதவும் திறக்கவில்லை. போச்சு என்று நினைத்தேன். அப்புறம் தையல் அக்கா கதவு திறந்தது. "ஏன்டி இப்படிக் கத்தற, என்ன அளவுன்னு சொல்லித் தொலை" என்றார். தன்னிடம் இருந்த மெல்லிய பழைய துணிகளையெல்லாம் ஒன்றாகத் தைத்துப் பெரிய விரிப்பாகக் கொண்டுவந்தார், அதை மண்மேல் விரித்து அதன்மேல் தெளித்தால் விதை நகராது, ஈரமும் நிற்கும். பல் டாக்டர் வாய் கழுவுகிற பீச்சாங்குழலைக் கொண்டுவந்து குந்தி உட்கார்ந்துவிட்டார், சொத்தைப் பல்லைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்துத் தெளித்தார். விசில் ஊதினார். யாரும் நகரவில்லை. மறுபடி ஊதினார். டாக்டர் நிமிராமலே, "சார், பல்லுல காத்து போற சத்தம் கேக்குது, ஒருநாள் வந்து காட்டுங்க" என்றார். முதல் மாடிக் கையைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

கூட்ட நாள் வந்துவிட்டது. காலையில் துணியை எடுத்துப் பார்த்தேன், முளைத்திருந்தது, ஆனால் எப்படி என்கிறாய், ஊசி முனை மாதிரி, குழந்தையின் தலையில் முதல் முடி மாதிரி. நின்று பார்த்தால் மண்தான் தெரிந்தது. விசில் வந்து நின்றார், பின்னால் கையைக் கட்டிக்கொண்டார், "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். குனிந்து பாருங்கள் என்றேன். "எனக்கு முட்டி வலி, குனிய முடியாது. நின்னு பாத்தாத் தெரியணும், அதுதான் பேச்சு" என்றார். எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு குரல் வந்ததோ, "உங்க முட்டி வலிக்கு என் புல்லு என்ன சார் பண்ணும்? குனிய முடியாதவங்க தெரியலேன்னு சொல்லக் கூடாது, பாக்கலேன்னு சொல்லுங்க" என்றேன். அப்போது அவர் வீட்டம்மா கூட்டத்திலிருந்து வந்தார், புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையோடு தரையாக உட்கார்ந்தார், கன்னம் மண்ணில் படுகிற அளவுக்குத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "பச்சையாத்தாங்க இருக்கு, இங்கேருந்து பாத்தா முழுக்கப் பச்சை" என்றவர், எழுந்து கையைத் தட்டிக்கொண்டே, "நானும் தண்ணி ஊத்தியிருக்கேன். எனக்குத் தெரியாதா?" என்றார். விசில் கழுத்தில் தொங்கிய விசிலைக் கையில் பிடித்துக்கொண்டார், ஊதவில்லை. லாரி வரவில்லை.

இப்போது விரல் உயரம் வந்துவிட்டது. இனி அடிக்கடி தெளிக்கக் கூடாதாம், இடைவெளி விட்டு நன்றாக நனைய ஊற்ற வேண்டுமாம், அப்போதுதான் வேர் தண்ணீரைத் தேடிக்கொண்டு கீழே போகும். உடனே நீ, அம்மா போனைப் பற்றித்தான் சொல்கிறாள், இனிக் குறைத்துக்கொள்வாள் என்று கனவு காணாதே. நான் புல்லைப் பற்றித்தான் சொல்கிறேன். வாண்டை இன்னும் இறக்கிவிடவில்லை, வேர் பிடிக்கட்டும் என்று கம்பிக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன், தினமும் "இப்பப் போலாமா?" என்று உயிரை எடுக்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில். உனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே வா, ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். ஆனால் அந்த மனுஷன் நின்றபடி ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னதற்காக மட்டும் வராதே. தாளை அவர் கையில் கொடு. உட்கார்ந்து பாருங்கள் சார் என்று சொல். அப்புறமும் தெரியவில்லை என்றால் அது வேறு பேச்சு, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம், ஆனால் பார்க்காதவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு என் பெண் பெட்டியைக் கட்டக் கூடாது. குரல் நடுங்கினால் நடுங்கட்டும், எனக்கும் நடுங்கத்தான் செய்தது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே, கண்ணாடி பவரை இந்த மாதமே சோதித்துக்கொள், ரூம் சாவியை ஒரே இடத்தில் வை. நீ எங்கே நின்றாலும் உன் காலுக்கடியில் வேர் பிடிக்கட்டும், நல்லா இரு என் தங்கமே. அப்பாவும் ஆசி சொல்கிறார், வாண்டு இந்தத் தாளின் ஓரத்தில் ஏதோ கிறுக்கியிருக்கிறாள், அது நீயாம். ஞாபகம் வைத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன், எடுக்காவிட்டால் திங்கள்கிழமை உன் ஆபீஸ் பெரியவருக்கே செய்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
புல்லுக்காரம்மா