அடிபம்பின் கைப்பிடி

தெம்வாவின் அம்மாவுக்கு,

நீயும் குழந்தையும் நலமென்றே எண்ணிக்கொண்டு எழுதுகிறேன், நானும் நலம். எங்கள் மிஷன் பள்ளியின் வரலாற்றில் இடம்பெறத்தக்க முடிவொன்றை நிர்வாகக் குழு எடுத்திருக்கிறது: புதிய அடிபம்புக்குக் கட்டும் நாடா நீல நிறம். சிவப்பு கேட்டவர்கள் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்கள்.

பம்பு போட்டுக் கொடுத்த வெளிநாட்டுப் புரவலர்கள் வந்து நாடாவை வெட்டும்வரை யாரும் தண்ணீர் அடிக்கக் கூடாதென்று, தலைமையாசிரியர் கொண்டோவே கைப்பிடியைக் கழற்றித் தன் அலமாரியில் பூட்டிவிட்டார். அவர்கள் பயணம் இருமுறை தள்ளிப்போனது. பிள்ளைகள் ஓடைக்குப் போகிறார்கள்.

சமையல் செய்யும் நியாசுலு அக்கா அவரிடமே கேட்டார்: "ஏன் சார், மாடு இறங்குற தண்ணியக் குடிச்சுப் புள்ளைங்களுக்கு வயித்தால போகுது. தாகம் நாடாவுக்கா?"

"விருந்தாளிக்குன்னு வச்ச கோழிய நாமளே தின்னா நல்லாவா இருக்கும் அக்கா? முதல் தண்ணிய அவங்கதான் அடிக்கணும்."

நீ கவலைப்படாதே, நான் கொதிக்க வைத்தே குடிக்கிறேன். உப்பும் சர்க்கரையும் கொஞ்சம் தாராளமாக அனுப்பு. போர்த்திக்கொள்ள, நீ இடுப்பில் சுற்றும் பழைய சித்தெஞ்சே துணி ஒன்றும் வை, துவைக்க வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாங்கச் சொன்ன பலப்பத்தில் பாதி போதும்.

ஜைரஸ்