நாலு கோட்டுக் கருநீலம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் வீட்டிலிருந்து திரும்பி வருவதாகச் சொன்னாய். நீ வந்து பார்ப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பாப்பாவின் கிட்டாருக்குப் பெயின்ட் அடித்துவிட்டேன்.

"ஊர்ல இருக்குற காருக்கெல்லாம் அடிக்கிறீங்க, என் கிட்டாருக்கு மட்டும் நேரமில்லையாப்பா?" என்று இரண்டு வருஷமாகக் கேட்டாள். "அடுத்த வாரம் பாப்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து நாம் இருவர் மட்டும் திரும்பி வந்த நாளிலிருந்து அந்தப் பேச்சுதான் காதைக் குடைகிறது.

கம்பிகளைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அவள் கேட்ட அதே கருநீலம், ஒன்றின் மேல் ஒன்றாக நாலு கோட்டு. ஒரு சொட்டு வழியவில்லை. பாலிஷ் போட்டு முடித்து, அவளைப் போல மடியில் வைத்துப் பார்த்தேன்.

அப்போதுதான் உறைத்தது. வலது கை படுகிற ஓரத்தில் பழைய சிவப்பு போய், உள்ளங்கை அகலத்துக்கு மரம் தெரியுமே, அது அவள் கை வாசித்து வாசித்துத் தேய்த்த இடம். முப்பது வருஷம் கார்களின் கீறலைத் தேய்த்த என் கை, யோசிக்காமல் அதையும் சமமாக்கிவிட்டது.

நேற்று போனில் "என்ன பண்றீங்க?" என்று கேட்டாய். "சும்மாதான்" என்றேன். குப்பைக்கூடையைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

திட்டுவதென்றால் திட்டு. அலமாரியில் உன் துணிகளுக்கடியில் ஓர் உப்புத்தாளை மடித்து வைத்திருக்கிறேன். சிவப்புத் தூள் ஒட்டியிருக்கும். உதறிவிடாதே.

உன் வீட்டுக்காரன்