வெள்ளிக்கிழமைக் கஞ்சி

யட்டவத்த
12.03.2026

அன்பு மகள் மதுஷிகாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் அருளால் நான் சுகம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. மிலானோவில் இன்னும் குளிர் என்றாய், காதை மூடாமல் வேலைக்குப் போகாதே. ஃபோனில் பேசினால் உனக்குக் கோபம் வருகிறது, எனக்கும் குரல் ஏறிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். மண் சரிந்து வீட்டை இழந்த பதுர்தீனையும் அவர் மனைவி மஸீனாவையும் இரண்டு வாரத்துக்கென்று உன் அறையில் தங்கவைத்தேன், மூன்று மாதம் கடந்துவிட்டது. நோன்புப் பெருநாளோடு அவர்களைக் கலேவெலவில் இருக்கும் பதுர்தீனின் தம்பி வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறாய். வீடு உன் பெயரில், சொல்ல உனக்கு உரிமை உண்டு. ஆனால் இதைக் கேட்டுவிட்டுச் சொல்.

இந்த வருஷம் நம் தவக்காலமும் அவர்கள் நோன்பும் ஒன்றாக வந்தன. முதல் வெள்ளிக்கிழமையே மஸீனா இறைச்சி போட்ட நோன்புக் கஞ்சியைக் கொண்டுவந்து நீட்டினார். பகலெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுப்படியில் நின்று காய்ச்சியது, எப்படி வேண்டாம் என்பேன்? குடித்தேன். அடுத்த வெள்ளியும் குடித்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது ஃபாதர், கஞ்சி ருசியாக இருந்ததா என்று கேட்டார். மஸீனா என்னை நானா என்றுதான் கூப்பிடுவார், அவர்கள் பேச்சில் அண்ணன். பிறகு ஒரு நாள் அவர் நம் கோயில் காலண்டரைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமையெல்லாம் மீன் படம் போட்டிருக்கே நானா, அன்னைக்கு மீன் வாங்கணுமா என்று கேட்டார். அது நாம் இறைச்சி சாப்பிடாத நாளுக்கான அடையாளம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் முகம் வாடிவிட்டது. என்னைய வேத்து ஆளாவா நெனச்சீங்க, வாயத் தொறந்து சொன்னா என்ன என்று சண்டைக்கு வந்தார். அம்மா போய்ச் சேர்ந்த இந்த ஆறு வருஷத்தில் இந்த வீட்டில் என்னைத் திட்ட ஆள் இருக்கவில்லை மகள், எனக்கு அழுகை வந்துவிட்டது. போன வெள்ளி கஞ்சியில் தேங்காய்ப்பாலும் வெந்தயமும்தான். பதுர்தீனுக்கும் அதேதான். நாள் முழுக்கப் பட்டினி கிடந்த மனுஷன், அதையே இரண்டு கோப்பை வாங்கிக் குடித்தார்.

நாம் ஃபோனில் பேசியது அவர்கள் காதில் விழுந்திருக்கும்போல, சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான்தான் உன்னைக் கேட்கிறேன். நீ வரும்போது உன் அறை உனக்கு, அவர்கள் முன்னறைக்கு மாறிக்கொள்வார்கள்.

ஆண்டவர் உன்னை நோயில்லாமல் காப்பாராக. இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. அவர்களை இந்த வீட்டு முகவரியில் பதியக் கிராம சேவகர் தந்த விண்ணப்பப் பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், வீட்டு உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். உரிமையாளருக்கு என்ன உறவு என்ற இடத்தில், மஸீனா பெயருக்கு நேரே, பென்சிலால் அத்தை என்று எழுதியிருக்கிறேன். உனக்குச் சம்மதமென்றால் அதன்மேல் பேனாவால் எழுது.

உன் அப்பா,
கிறிஸ்தோபர்