அத்தானின் கறுப்புச் சட்டை

மார்ச் 4

எங்கள் தடயவியல் ஆய்வகக் கேமராவுக்குக் கேட்டிருந்த அகச்சிவப்பு ஃபில்டர் ஒருவழியாக வந்து சேர்ந்தது. கறுப்புத் துணியில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இனி தப்ப முடியாது. படத்தில் சாயம் வெளுத்துவிடும், ரத்தம் மட்டும் கறுப்பாக நிற்கும். ஒத்திகை பார்க்கப் பழைய கறுப்புத் துணி வேண்டும். அக்காவுக்கு போன் செய்து கேட்டேன். எதற்கு என்று துருவித் துருவி விசாரித்தாள். என் வேலையைப் பற்றி இவ்வளவு பொறுமையாக அவள் கேட்டதே இல்லை.

மார்ச் 6

அக்கா வீட்டுக்குப் போனேன். புருவத்தில் தையல்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்டா."

"பாத்ரூமுக்கு எத்தனை தையல்?" என்றேன். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர் குளிக்கப் போனதும் ஒரு பையை என் கையில் திணித்தாள். அவருடைய சட்டை. துவைக்காதது, ஒரே வியர்வை நாற்றம். கைக்குட்டையைக்கூட இஸ்திரி போட்டு மடிப்பவள், இப்படியா கொடுப்பாள்?

மார்ச் 7

ஒத்திகைக்கான ஆட்டு ரத்தத்தைச் சொட்டுவிடும் முன் வெறுந்துணியை ஒரு படம் எடுப்பது வழக்கம். எடுத்தேன். சட்டை வெளுத்து வந்தது. வலது கை நுனியிலிருந்து முழங்கை வரை கறுப்புப் புள்ளிகள். தெறித்தவை.

எண்ணெயாக இருக்குமோ — எண்ணெய் இதில் தெரியாது. எனக்குத் தெரியாதா அது?

விளக்கை நகர்த்தி மறுபடி எடுத்தேன். அங்கேயேதான் இருக்கின்றன.

மார்ச் 8

தையலைப் பாத்து கேலி பண்ணினேனே. நானெல்லாம் ஒரு மனுசனா? ஐயோ அக்கா.

மார்ச் 9

ரசாயனப் பிரிவு மேடம் சோதித்துப் பார்த்தார். மனித ரத்தம்தான்.

"கேஸ் குடுத்தா இந்தச் சட்டை நிக்குமா மேடம்?"

"எப்படிப்பா நிக்கும்? பொண்ணோட தம்பி கொண்டுவந்தது, ரத்த பாட்டில் இருந்த மேஜைல விரிச்சது. வக்கீல் ஊதித் தள்ளிடுவான்."

அடுத்தவர் வழக்கென்றால் உறைக்கு மேல் உறை போட்டு முத்திரை வைப்பேன். அக்காவின் வழக்கை என் கையாலேயே கெடுத்துவிட்டேன்.

மார்ச் 10

அத்தான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போனேன். படத்தைக் காட்டினேன். அவள் அதிரவில்லை.

"தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"வாய் வரலடா. நீயும் அவரும் அப்படி ஒட்டிக்கிட்டு இருக்கீங்க, சொன்னா நம்புவியோ என்னவோ. துவைக்க மனசில்லாம ஒளிச்சு வெச்சிருந்தேன். நீ போன் பண்ணினே."

சட்டை கோர்ட்டில் செல்லாது என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கோர்ட்டு கிடக்கட்டும். நீ பாத்துட்டல்ல?"

மாற்றுத் துணியை ஒரு பையில் அள்ளிக்கொண்டு என்னோடு கிளம்பினாள்.

மார்ச் 13

நாளை புகார் கொடுக்கப் போகிறோம். தையல் போட்ட மருத்துவர் சாட்சி சொல்வாரா, தெரியவில்லை.

மாலையில் அத்தான் போன் செய்தார். அதே கலகலப்பு.

"சின்ன விஷயத்துக்கு மூஞ்சியத் தூக்கிட்டு வந்துட்டா. அனுப்பி வைடா." பிறகு, போகிற போக்கில், "ஆமா, என் கறுப்புச் சட்டை ஒண்ணக் காணோம். அவ எடுத்துட்டு வந்தாளா?"

"எங்கிட்டதான் இருக்கு அத்தான். படம் எடுத்துட்டேன். அதுல ரத்தம் தெரியுது."