தண்ணீர் குறைந்தும் அணையாத பாய்லர்

ஜூலை 22, செவ்வாய்

காலையிலிருந்தே ஆடிக்காற்று. ஒத்தக்கடை ரோடு முழுக்கப் புழுதி. ஹாஸ்டல் மெஸ்ஸில் இன்றும், சமையலுக்கு ஆவி தரும் பாய்லரால் பஞ்சாயத்து. தண்ணீர் குறைந்தால் தீயைத் தானாக நிறுத்த வேண்டிய சர்க்யூட் போர்டு, நேற்று நிறுத்தவில்லை. நல்லவேளை, சமையல் செய்யும் பாண்டியம்மா பார்த்துக் கையால் அணைத்தாள்.

பாய்லர் கம்பெனி ஆள்: "வெளியாளு கைவச்ச போர்டு மேடம். நாங்க பொறுப்பில்ல. புதுசு மாத்துங்க."

போன தடவை போர்டைப் பழுது பார்த்த சிம்மக்கல் கடைக்காரர்: "என் வேலை சுத்தம். உள்ள தண்ணி மட்டம் பாக்குற கம்பியில அம்புட்டு உப்பு. அதச் சொல்ல மாட்டேங்கிறாரு."

இருவரும் என்னைப் பார்த்தே கத்தினார்கள். எது சரி? தெரியவில்லை. மெஸ் பொறுப்பு மட்டும் என்னுடையது.

ஹாஸ்டல் செயலாளர் வந்தார். "சண்டை முடியிறவரைக்கும் போர்டு இல்லாம டைரக்டா ஓட்டும்மா. பிள்ளைக சாப்பிட வேணாமா?"

முடியாது என்றேன். கேஸ் அடுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

துவரம்பருப்பு வாங்க வேண்டும். முட்டைக்காரருக்குப் போன்.

23, புதன்

கேஸ் அடுப்பு. இட்லி தாமதம். பிள்ளைகள் தட்டைத் தட்டினார்கள். செயலாளர் முறைத்துவிட்டுப் போனார். கண்ணை மூடினால் பாய்லர் அறைச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கூடம்.

24, வியாழன்

எழுத்து கோணல்.

காலையில் உள்ளே நுழையும்போதே பாய்லர் சத்தம். மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீரே தெரியவில்லை. ஓடிப்போய் பர்னரை அணைத்தேன். பாண்டியம்மா பதறிப்போய்த் தண்ணீர் வால்வில் கை வைத்தாள்.

"திறக்காத! இந்தச் சூட்டுல தண்ணி விட்டா வெடிச்சிரும்!"

"ஐயோ அக்கா..."

அவளை இழுத்துக்கொண்டு வெளியே. பிள்ளைகளையும் விரட்டினேன். சாப்பிட்ட கை கழுவாமல், செருப்பில்லாமல், எல்லோரும் கேட்டுக்கு வெளியே. வெடிக்கவில்லை. ஆறும்வரை ஒருவரையும் உள்ளே விடவில்லை.

செயலாளர் காரிலிருந்து இறங்கியதும், "யாரக் கேட்டு ஓட்டுனீங்க?"

பாண்டியம்மா அழுதுகொண்டே, "நீங்கதான சார் விடியக்காலம் போன் போட்டு, ஓட்டு, இல்லன்னா வேலைக்கு வராதன்னீங்க?"

பிள்ளைகள் அத்தனை பேரும் கேட்டார்கள். அவர் திரும்பிக் காரில் ஏறினார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வெயில். ஆய்வாளர்கள் வந்து பாய்லரைப் பரிசோதித்து, ஓட்டலாம் என்றுவிட்டார்கள். புதுப் போர்டு. கம்பியையும் கழற்றி உப்பைச் சுரண்டினார்கள். இருவர் சொன்னதும் பாதிப் பாதி சரி போல.

வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துப் பார்த்தார்களாம். தீ தானாக அணைந்ததாம். அலாரம் அடித்ததும் கைதட்டினார்களாம். நான் பார்க்கவில்லை. அலாரம் கேட்ட நொடியே பாண்டியம்மாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை ஓடியிருந்தேன்.

"அக்கா, அது நல்ல சத்தம்க்கா. வாங்க, போவோம்."

தெரியும். கால்தான் வரவில்லை.